ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: நான் வேலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகளின் தாய். ஓராண்டில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையை ஆசையாகத் தொடங்கி, லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். இரவில் முழங்காலிட்டால் கண் சொக்குகிறது. ஆண்டவரை விட்டுத் தூரமாகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: சகோதரி, முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம் வாசிக்க வேண்டும். மூன்று வாரம் தவறினால் ஏறத்தாழ 70 அதிகாரம் பாக்கி நிற்கும். அதைப் பார்த்தாலே மலைப்பு வரும், பிறகு வேதத்தைத் திறக்கவே கை கூசும். விட்டதைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். மாற்கு சுவிசேஷத்துக்கு வாருங்கள். 16 அதிகாரம்தான். அதிலும் நாளுக்கு ஒரு சம்பவம் போதும்.

பத்தாம் அதிகாரத்தில், வழியோரம் இருந்து இயேசுவைக் கூப்பிடும் பார்வையற்ற பர்திமேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வசனங்கள். வாய்விட்டு ஒருமுறை, மெதுவாக இன்னொரு முறை வாசியுங்கள். கூட்டம் அவனைப் பேசாதே என்று அதட்டுகிறது, இயேசுவோ நிற்கிறார். பார்வையற்றவனுக்கு என்ன வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று அவனிடமே கேட்கிறார். அங்கே வேதத்தை மூடிவிட்டு, அதே கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டதாக எண்ணி, உள்ளதை உள்ளபடி பதில் சொல்லுங்கள். அலுப்பு, எரிச்சல், பணக்கவலை எதுவானாலும் சரி. அந்தப் பதில்தான் அன்றைய ஜெபம். தியானமும் ஜெபமும் தனித்தனி வேலைகள் என்று நினைப்பதால்தான் பலருக்கு இரண்டுமே பாரமாகின்றன.

நேரத்தை மாற்றுங்கள். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார் என்பதற்காக, இரவில் குழந்தைக்காக நாலுமுறை எழும் தாயும் விடியற்காலையில் எழுந்தே தீர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தானியேல் நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தார். உடம்பு ஓய்ந்துபோகாத ஒரு பத்து நிமிடம் எப்போது கிடைக்கிறதோ, மதிய இடைவேளையானாலும் சரி, அதைக் கொடுங்கள். இரவில் படுக்கும்போது ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு, அவ்வளவே. அதற்கு நடுவில் தூங்கிவிட்டால் குற்ற உணர்வு வேண்டாம்.

மற்ற நேரமெல்லாம்? 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் லாரன்ஸ் என்ற சகோதரர் சமையலறையில் வேலை பார்த்தார். பாத்திரங்களுக்கு நடுவிலேயே ஆண்டவரோடு பேசிப் பழகினார். உங்களுக்கும் அது முடியும். துணி மடிக்கும்போது யாருடைய சட்டை கையில் இருக்கிறதோ அவர்களுக்காக ஒரு வரி. கணினி முன் உட்காரும்போது "ஆண்டவரே, கூட இரும்" என்ற ஒரு வரி.

இனி, பலரும் தொடாமல் கடந்துபோகும் ஒன்று. ஜெபம் வறண்டிருக்கும்போது, பேச்சுவார்த்தை முறிந்த உறவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5:24). ஜெபநேரத்தைக் கூட்டுவதைவிட ஒரு தொலைபேசி அழைப்பு அதிகம் செய்யும் நாட்கள் உண்டு. அழைத்தால் அடியோ வசையோதான் விழும் என்ற நிலை இருந்தால் நீங்களாகப் போக வேண்டாம். போதகரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ முதலில் பேசுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எதையும் உணராத நாட்கள் வரும். உணர்வு வரவில்லை என்பதற்காக ஆண்டவர் போய்விட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் ஜெபமாகவே இருக்கிறது. சொந்த வார்த்தை வராத நாளில் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று துணிந்து கேட்கிறது. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் போனால் அதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜெபத்தை விடாமல், மருத்துவரையும் போய்ப் பாருங்கள்.