இருநூறு வெள்ளியா, இரவு ஷிப்ட்டா?

கேள்வி: மாமியாரை ஐந்து ஆண்டுகள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். அவர் காலமான பிறகு பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தேன். மூத்தோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இரண்டு தாதிமை இல்லங்கள் கூப்பிட்டிருக்கின்றன. ஒன்று வீட்டுக்குப் பக்கம். இன்னொன்று தூரம், ஆனால் மாதம் 200 வெள்ளி கூடுதல். எது நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– சிங்கப்பூர், யீஷூன் வாசகி

அன்புச் சகோதரி,

வரவேற்பறையையும் சுவரில் மாட்டிய விருதுகளையும் விடுங்கள். சுகாதார அமைச்சின் உரிமமும் உங்கள் கேள்விக்குப் பதிலாகாது. அது இரண்டு இல்லங்களுக்குமே இருக்கும். சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டப்படி அது இல்லாமல் நடத்தவே முடியாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் வார்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். சாயங்காலச் சாப்பாட்டு நேரமாக இருந்தால் நல்லது. ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி இரண்டு பேருக்கு மாறி மாறி ஊட்டுகிறாரா? முதல் வாய் இறங்கும்வரை அடுத்த கரண்டி காத்திருக்கிறதா? மாமியாருக்கு ஊட்டியவர் நீங்கள். பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குப் புரிந்துவிடும். மூத்தோரை அவசரப்படுத்தும் இடத்தில், அந்த ஊழியரையும் யாரோ அவசரப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். நாளை அந்த இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

அப்புறம் ஹாய்ஸ்ட்டைத் தேடுங்கள், ஆளைத் தூக்கி நாற்காலியில் வைக்கும் அந்த இயந்திரத்தை. எல்லா இடத்திலும் ஒன்று காட்டுவார்கள். மூலையில் தூசி படிந்து, மேலே போர்வைகள் அடுக்கிக் கிடந்தால், அங்கே ஆட்களைக் கையால்தான் தூக்குகிறார்கள். பட்டை சுத்தமாக, பேட்டரி சார்ஜில் இருந்தால் தினமும் ஓடுகிறது என்று பொருள். இந்த வேலையில் முதலில் போவது இடுப்புதான். கூடுதல் 200 வெள்ளி முதுகுவலி வைத்தியத்துக்கே காணாது.

நேர்காணலில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இரவு ஷிப்ட்டில் இந்த வார்டில் எத்தனை ஊழியர்கள் இருப்பார்கள், எத்தனை மூத்தோர்?" படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் வராமல் இருக்க நேரம் தவறாமல் புரட்டிவிட வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும். அதற்கு நடுவே அழைப்பு மணியும் அடிக்கும். ஒருவர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் மாற்று ஆள் வருவாரா என்றும் கேளுங்கள். நல்ல மேலாளர் எண்ணைச் சொல்வார். "அதெல்லாம் சமாளித்துக்கொள்வோம்" என்று சிரித்தால், சமாளிக்கப் போவது நீங்கள்தான்.

மறதி நோய் உள்ளவர்கள் சில நேரம் அடிப்பார்கள், திட்டுவார்கள். அவர்கள்மீது தப்பில்லை. ஆனால் அடி வாங்கியவரைக் கொஞ்சம் உட்கார வைத்து, நடந்ததை எழுதி, அடுத்த முறை இரண்டு பேராகப் போகச் சொல்கிறார்களா? அங்கே வேலை செய்யும் ஒருவரிடம், மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். வார்டில் யாருமே ஒரு வருடத்தைத் தாண்டவில்லை என்றால் எனக்கு அந்த இடம் வேண்டாம்.

சம்பள விஷயம். அந்த 200 அடிப்படைச் சம்பளத்திலா, ஷிப்ட் படியிலா என்று பாருங்கள். படி என்றால், இரவு வேலை குறையும் மாதத்தில் அதுவும் குறையலாம். வேலை நியமனச் சட்டத்தின் வேலை நேர விதிகள், அடிப்படைச் சம்பளம் மாதம் 2,600 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு உண்டு. உடலுழைப்பு வேலை என்றால் 4,500 வரை. வாரத்துக்கு 44 மணிநேரம், ஷிப்ட் வேலையில் மூன்று வாரச் சராசரியாக. அதற்கு மேல் செய்யும் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. வாரம் ஒரு நாள் ஓய்வு. முக்கிய வேலை விதிமுறைகளை வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். நீங்கள் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொன்னால், பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளதையே எடுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வருவது லேசான காரியமில்லை.