வீட்டு ஒயினுக்கு ஆன்லைன் கால்குலேட்டர் சொல்லும் சர்க்கரை அளவை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் அது கணக்குப் போட்டது எந்த ஊர் கேலனுக்கு என்று பார்த்தீர்களா? சொன்னபடியே சர்க்கரை போட்டும் ஒயின் சப்பென்று இருக்கிறது என்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல இங்கிலாந்தில் இருந்துகொண்டு, நாலரை லிட்டர் டெமிஜானில்தான் (ஒயின் புளிக்கவைக்கும் குறுகிய கழுத்துக் கண்ணாடி ஜாடி) போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் மச்சானுக்கு இதேதான் நடந்தது. வேலியோரம் பறித்த பிளாக்பெர்ரியில் ஒயின் போட்டுவிட்டு போன் செய்தான். “மாமா, பன்னிரண்டு சதவீதம் வரும்னு போட்டிருந்தான், குடிச்சா தண்ணியா இருக்கு.” பழம் சரியில்லை, ஈஸ்ட் பழசு என்று ஒரு புலம்பல். அவன் பார்த்த பக்கத்தைத் திறந்தேன். அமெரிக்க கேலன்! அது 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹால் தரும். 12 சதவீதத்துக்கு, பழத்தில் உள்ளதையும் சேர்த்து, அவர்கள் கேலனுக்கு 770 கிராம் போதும். இங்கே 930 கிட்ட வேண்டும். அந்த 770-ஐப் போட்டு ஜாடியைக் கழுத்துவரை நிரப்பினால் பத்துதான் வரும்.

குறைந்த சர்க்கரையை ஒரு டம்ளர் ஒயினிலேயே கரைத்து ஊற்றச் சொன்னேன். அப்படியே கொட்டினால் நுரை பொங்கி ஏர்லாக்கை (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) தள்ளிவிடும், கார்பெட்டில் ஊதாக் கறை. மறுபடி குமிழி வர ஆரம்பித்தது.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லை, டிகிரி கேட்டு வராதீர்கள். ஆனால் மழையில் ஊறிய பழமும் வெயிலில் பழுத்ததும் கால்குலேட்டருக்கு ஒன்றுதான், சராசரியைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். பால்காரர் லாக்டோமீட்டரின் தம்பிதான் அது. தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை கூடக் கூட எண் ஏறும். ஈஸ்ட் போடுமுன் சாற்றை வடிகட்டி, ஆறவிட்டுப் பாருங்கள். சக்கை இருந்தால் மீட்டர் அதில் முட்டிக்கொண்டு நிற்கும். சூடாக இருந்தால் குறைத்துக் காட்டும், நீங்களும் ஏமாந்து இன்னும் கொட்டுவீர்கள். 1.090 காட்டினால் 12 சதவீதத்துக்குச் சரி. உலர்திராட்சை போட்டிருந்தால்தான் வம்பு. அதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை, ஆனால் மெல்ல மெல்லத்தான் இறங்கும், முதல் நாள் மீட்டரில் தெரியாது. அதைத் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்கு ஒயின் போட லைசென்ஸ் வேண்டாம். விற்பதென்றால் வேண்டும். அனுமதி இல்லாமல் சாராயம் காய்ச்சி வடிப்பது குற்றம். இதை எத்தனை தடவை விளக்கினாலும் பொங்கல் விழாவுக்குப் போனால் “சாராயக்காரர் வந்துட்டார்” என்று ஒருவர் ஆரம்பிப்பார். கிளம்பும்போது கார் பக்கத்தில் வந்து “ஒரு பாட்டில் இருக்குமா?” என்று கேட்பவரும் அவரேதான். இப்போதெல்லாம் நான் கொடுப்பதில்லை.

சரி, உங்கள் ஜாடியில் குமிழி நின்றுவிட்டதா? மீட்டர் எண் 0.995 பக்கம் இருந்தால் ஈஸ்ட் இருந்த சர்க்கரையை எல்லாம் தின்றுவிட்டது, அதாவது சர்க்கரைதான் குறைவு, மேலே சொன்னபடி சேர்க்கலாம். 1.020-லேயே நிற்கிறதென்றால் ஈஸ்ட் பாதியில் படுத்துவிட்டது. அதில் போய்ச் சர்க்கரை சேர்க்காதீர்கள், எண்ணைக் கமென்ட்டில் போடுங்கள், பார்க்கிறேன்.