கோல்ஃப் போட்டியில் யார் மேல் பந்தயம் கட்டலாம்?

போன வாரம் நன்றாக ஆடியவர் மேலேயே இந்த வாரமும் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் எப்படி நன்றாக ஆடினார் என்று பார்க்காமல் கட்டாதீர்கள்.

ஆரம்பத்தில் நானும் ஸ்கோர் பட்டியலின் மேலே இருக்கும் நாலைந்து பெயர்களைத்தான் எடுப்பேன். அப்படி ஒரு முறை, முந்தின வாரம் முதல் ஐந்துக்குள் வந்த ஒருவரை நம்பிக் கட்டினேன். இரண்டாம் நாளோடு, பின்தங்கியவர்களைக் கழித்துவிடும் 'கட்'டில் வெளியே போய்விட்டார். அப்புறம்தான் அவருடைய முந்தின வார ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கிரீனை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, நோக்கி அடித்த பந்துகள் மணலிலும் நீண்ட புல்லிலுமாக விழுந்துகொண்டிருந்தன. ஆனால் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டர் கையில் வந்தால் போதும், 20 அடி, 30 அடி தூரம் என்று எங்கிருந்து தட்டினாலும் குழிக்குள் போனது.

அது நிலைக்காது. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே 8 அடி தூரத்திலிருந்து சராசரியாக இரண்டில் ஒன்றைத்தான் போடுகிறார்கள். பட்டரால் தட்டும் பட்டிங் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் அடிகளின் தரம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பிராடி உருவாக்கிய 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' கணக்கு இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது: மற்ற ஆட்டக்காரர்களின் சராசரியைவிட, டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) எவ்வளவு லாபம், அப்ரோச்சில் எவ்வளவு, கிரீனைச் சுற்றி எவ்வளவு, பட்டிங்கில் எவ்வளவு. நான் முதலில் பார்ப்பது அப்ரோச். அதில் சில மாதங்களாக நன்றாக இருந்து, பட்டிங் மட்டும் சொதப்பி 30ஆவது இடத்தில் முடித்தவர்தான் எனக்குப் பிடித்த ஆள். அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் டீயிலிருந்து கிரீன் வரை அவருக்கு ஈடே இல்லை, ஆனால் பட்டிங் மிகவும் மோசம். 2024 மார்ச்சில் பட்டரை மாற்றினார். அடுத்தடுத்து அர்னால்ட் பால்மர் போட்டியும் பிளேயர்ஸ் போட்டியும், ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டியும் அவர் கையில்.

மைதானத்தையும் பாருங்கள். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் கிரீன்களின் சரிவு ஆடி ஆடித்தான் பழகும். 1979இல் ஃபஸி ஸோலர் முதல் வருகையிலேயே மாஸ்டர்ஸை வென்றார்; அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கும் மேலாக அறிமுக ஆட்டக்காரர் யாரும் அங்கே ஜெயிக்கவில்லை. கடலோர மைதானங்களில் நடக்கும் பிரிட்டிஷ் ஓபனில் காலையில் ஆடுகிறவருக்கும் மதியம் ஆடுகிறவருக்கும் வேறு வேறு காற்று கிடைக்கும். அதனால் ஆடும் நேரப் பட்டியல் வரும் வரை நான் கட்டமாட்டேன்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் பந்தய விகிதம். 25க்கு 1 என்றால் (1 கட்டினால் 25 லாபம்), நஷ்டம் வராமல் இருக்க, இதே போட்டி 26 முறை நடந்தால் அவர் ஒரு முறையாவது ஜெயிக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாக ஜெயிப்பார் என்று தோன்றினால் மட்டும்தான் கட்டலாம். பெரிய பெயர்களுக்குக் கூட்டம் சேர்வதால், பெரும்பாலும் விகிதம் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

சுமார் 150 பேர் வரை ஆடும் போட்டியில் நல்ல தேர்வுகூட பல வாரம் தொடர்ந்து தோற்கும். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தாலும், முதல் பத்துப் போட்டிக்குப் பணம் கட்டாமல் நோட்டில் மட்டும் எழுதிப் பாருங்கள். போனால் வலிக்கிற பணத்தைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று: பாதி வெற்றிக்கும் பாதி முதல் 5 இடத்துக்கும் கட்டுவதென்றால் பலர் ஒரே இடத்தில் முடித்தால் பணத்தைப் பிரிக்கும் சமநிலை விதியைப் படித்துவிடுங்கள். 40க்கு 1இல் இரண்டுக்கும் பத்துப் பத்தாகக் கட்டுகிறீர்கள். முதல் 5 இடத்துக்கான பந்தயத்துக்கு வெற்றி விகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 8க்கு 1. உங்கள் ஆள் ஐந்தாம் இடத்தை நாலு பேரில் ஒருவராகப் பகிர்ந்தால் பத்தில் கால் பங்குக்குத்தான் பணம் வரும். கட்டிய பத்தும் சேர்த்து 90 வரும் என்று காத்திருப்பீர்கள், கைக்கு வருவது 22.50. போட்டது 20.