காணாமல் போன ஏழு குதிரைகள்

அன்புள்ள ஐயா,

சுசுகியின் ஹயபுசா பைக்கின் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன். 2021இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 197 குதிரைத்திறனை 190ஆகக் குறைத்துவிட்டார்கள். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அடுத்தது 1,400 சிசியைத் தாண்டும், டர்போ வரும் என்றெல்லாம் பேச்சு அடிபடுகிறது. பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போதிருப்பதை வாங்கிவிடலாமா, பொறுத்திருக்கலாமா? கையில் உள்ள 250 சிசி வண்டியில் மனம் ஒட்டவில்லை. எட்டு மாதமாக உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன். மின்சார சூப்பர்பைக்குகள் பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

'எந்த வண்டி வாங்கலாம்' என்று கேட்டு வரும் கடிதங்களைப் பொதுவாகப் படித்து மூடிவிடுவேன். வாங்கப்போவது நீங்கள், ஓட்டப்போவது நீங்கள், நடுவில் நான் எதற்கு? ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்கள் என்னை விடவில்லை. ஒன்று, அந்த ஏழு குதிரைகள். மற்றொன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

ஏழு குதிரைகளுக்காகப் போன மாதம்தான் ஒரு நண்பரோடு சண்டை போட்டேன். ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இன்னும் மேசையில் கிடக்கிறது. உச்ச வேகத்தில் ஒரு வண்டியின் எஞ்சின் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் காற்றோடுதான். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடியாக ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 190ஐ 197ஆக்கினால் திறன் மூன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது. உச்ச வேகம் ஒன்றேகால் சதவீதம்கூடக் கூடுவதில்லை. 300 கிலோமீட்டரில் போகிற வண்டி 303இலோ 304இலோ போகும். அவ்வளவுதான்.

அந்த மூன்று நான்கு கிலோமீட்டராவது கிடைக்குமா என்றால் அதுவும் கிடையாது. 1999இல் வந்த முதல் ஹயபுசா 300ஐத் தாண்டியது. அதன் வேகமானியில் 350 வரை எண்கள் இருந்தன. இப்படியே போனால் ஐரோப்பாவில் சட்டம் போட்டுத் தடுத்துவிடுவார்கள் என்று அஞ்சிய உற்பத்தியாளர்கள், தாங்களாகவே 299இல் ஒரு வேலி போட்டுக்கொண்டார்கள். 197 குதிரைகள் ஓடி வந்தாலும் அந்த வேலியில்தான் முட்டி நிற்கும். 190 வந்தாலும் அங்கேதான். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த குதிரைகளுக்காகவா இத்தனை காலம் மனம் ஆறாமல் இருக்கிறீர்கள்?

முடுக்கம் இருக்கிறதே என்பீர்கள். நண்பரும் அப்படித்தான் சொன்னார். அந்த ஏழு எங்கே போயின என்று பாருங்கள். எஞ்சினில் காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும். எஞ்சின் வெறிகொண்டு சுழலும்போது இது நல்லது. மெதுவாகச் சுழலும்போது, எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குள் நழுவிவிடும். ஐரோப்பாவின் புகை விதியான யூரோ 5 கேட்பது அந்த நழுவலுக்குக் கணக்கு. அதனால் மூன்றாம் தலைமுறையில் அந்தக் கணத்தைச் சுருக்கினார்கள். உச்சியில் கொஞ்சம் போனது. அதற்கு ஈடாக நடுவில் முறுக்குவிசை கூடியது. நிமிடத்துக்கு 9,700 சுற்றில் கிடைக்கும் உச்சத்திறனை நீங்கள் வாழ்நாளில் எத்தனை நொடி பயன்படுத்துவீர்கள்? 4,000 சுற்றிலிருந்து 6,000 சுற்றுக்குள்தான் உங்கள் பயணம் முழுவதும் நடக்கும். எடுத்ததை உங்களிடமே திருப்பித் தந்திருக்கிறார்கள். உங்களுக்கோ விளம்பரத்தாளில் உள்ள எண்தான் கண்ணில் படுகிறது. நண்பர் இதற்குப் பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ, பெரிய எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் தலைமுறையை உருவாக்கும்போதே சுசுகி டர்போவை முயன்றது, ஆறு சிலிண்டரை முயன்றது, கூடுதல் கொள்ளளவையும் முயன்றது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பழைய 1,340 சிசி நான்கு சிலிண்டருக்கே திரும்பியது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஒன்பது ஆண்டு, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டு. ஜப்பானிய மொழியில் ஹயபுசா என்றால் பைரி என்ற வேட்டைப் பறவை. பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவைதான், ஆனால் இந்தப் பைரி முட்டையிட ஆண்டுக்கணக்கில் ஆகும். மின்சார வண்டிகள் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

என்னைக் கேட்டால் அடுத்ததில் திறன் ஒன்றும் கூட வேண்டாம், எடை குறைந்தால் போதும். 264 கிலோ என்பது வண்டியா, எருமையா? 1992இல் வந்த ஃபயர்பிளேடு பைக்கை ததாவோ பாபா தலைமையில் ஹோண்டா வடிவமைத்தபோது போட்டியாளர்கள் திறனைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவர் 893 சிசி எஞ்சினை 600 சிசி வண்டியின் எடைக்குள் அடக்கிக் காட்டினார். அந்த வண்டியை ஓட்டியவர்கள் இன்றும் அதன் குதிரைத்திறனைச் சொல்வதில்லை, அது திரும்பிய விதத்தைத்தான் சொல்கிறார்கள்.

உங்களைப்போல நானும் காத்திருந்தவன்தான். ஒரு 1,000 சிசி வண்டியின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அதை வாங்கியது நண்பர் ஒருவர். கெஞ்சிக் கேட்டு, ஒரு நாள் பந்தயத்தடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் 300 சிசி வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். நேர்பாதையில் இடி முழக்கத்தோடு அவரைக் கடப்பேன். வளைவு வரும். நான் பயந்து, பிரேக்கை அழுத்தி, வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தடுமாறுவேன். அவர் உட்பக்கமாக, முழங்கால் தரையை உரச, சத்தமே இல்லாமல் போய்விடுவார். இருபது நிமிடம் இதே கூத்து.

வண்டியை நிறுத்தியதும் அவர் வந்து என் பின்டயருக்கு அருகே குந்தி உட்கார்ந்தார். வளைவில் சாய்த்தால் மட்டுமே தரையைத் தொடும் இரு ஓரங்களிலும் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் பளபளவென்று புதிதாகவே இருந்தது. அச்சில் வார்த்தபோது ஒட்டியிருந்த ரப்பர் முடிகள்கூட நின்றுகொண்டிருந்தன. நண்பரும் என்னைப்போலத்தான் ஓட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரியவர் அந்த முடிகளை விரலால் வருடிவிட்டு, "இதுவும் காசு கொடுத்து வாங்கிய ரப்பர்தானே தம்பி?" என்றார். கேலியே இல்லாமல் கேட்டார். அதனால்தான் அதிகம் வலித்தது. வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவிலிருந்த படத்தைக் கிழிக்கவில்லை. அதைப் பார்ப்பது மட்டும் குறைந்துபோனது. அடுத்த இரண்டு ஆண்டு ஒரு சிறிய வண்டியில் அதே தடத்தைத்தான் சுற்றினேன்.

இப்போது உங்களைத் திட்டுகிறேன். எட்டு மாதமாக உறைக்குள் வைத்திருக்கிறீர்களே, அது என்ன நாற்காலியா? பேட்டரி இந்நேரம் வடிந்து உள்ளே சல்பேட் படிந்திருக்கும். தொட்டியில் நின்ற பெட்ரோல் பிசினாகத் தொடங்கியிருக்கும். அது எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஊசித்துளையை அடைக்கும். ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும், நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கைக்கு வெறும் பஞ்சுதான் கிடைக்கும். இவையெல்லாம் போகட்டும், ஒரு மதியத்தில் சரிசெய்துவிடலாம். எட்டு மாதம் கிளட்சைத் தொடாத உங்கள் கையை யார் சரிசெய்வது? அந்தக் கையிலா 190 குதிரைகளைக் கொடுக்கச் சொல்கிறீர்கள்? சின்னஞ்சிறு 250 உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?

கோபத்தில் எழுதிவிட்டேன். மனம் நோக வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உறையை எடுங்கள். பழைய பெட்ரோலை இறக்குங்கள், பேட்டரிக்கு மின்னேற்றுங்கள், பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டயரின் பக்கச்சுவரில், டிஓடி எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். உங்களுடையது என்ன என்று எனக்கு எழுதுங்கள். அப்படியே டயரின் ஓரத்தையும் பார்த்து, அந்த ரப்பர் முடிகள் இன்னும் நிற்கின்றனவா என்றும் சொல்லுங்கள். வாங்குவதா பொறுப்பதா என்பதை அந்தக் கடிதம் வந்த பிறகு பேசுவோம்.