புரூட் ஆற்றுக்கும் நீஸ்டர் ஆற்றுக்கும் நடுவே: மால்டோவா பற்றிய கேள்வி பதில்

2025 செப்டம்பர் 28 அன்று மால்டோவாவில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், அதிபர் மாயா சாண்டுவின் கட்சி 101 இடங்களில் 55 இடங்களை வென்று ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. அதையொட்டி எழுதிய குறிப்பில், மேற்கு நாடுகளும் ரஷ்யாவும் எல்லையோர நாடுகளை எப்படி இழுக்கின்றன என்பதை அறிய உக்ரைனை மட்டும் பார்த்தால் போதாது, மால்டோவாவையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கேள்விகள் வந்தன. ஒரே பொருள் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன். இவ்வளவு சிறிய நாட்டுக்கு ஏன் இத்தனை போட்டி?

மேற்கே ருமேனியா, மற்ற மூன்று பக்கமும் உக்ரைன். 2024 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 24 லட்சம். எண்ணெய் வளம் இல்லை, கடற்கரையும் இல்லை. தெற்கு முனையில் டான்யூப் ஆற்றங்கரையில் அரைக் கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கேதான் நாட்டின் ஒரே துறைமுகம். திராட்சையும் கோதுமையும் சூரியகாந்தியும் விளையும் கரிசல் மண்ணே அதன் செல்வம்.

போட்டி அந்த மண்ணுக்காக அல்ல, அது இருக்கும் இடத்துக்காக. 1812இல் ஒட்டோமான் பேரரசிடமிருந்து ரஷ்யப் பேரரசு அதைப் பெற்றது. 1918இல் ருமேனியாவோடு இணைந்தது. 1939 ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ரகசியப் பிரிவில் அது சோவியத்தின் பங்காக ஒதுக்கப்பட்டது. 1940 ஜூனில் செம்படை நுழைந்தது. 1991 ஆகஸ்ட் 27 அன்று விடுதலை. ஒரே வீட்டில் பிறந்து அதே வீட்டில் வாழ்ந்து முடித்த ஒருவர் மூன்று நான்கு அரசுகளின் குடிமகனாக இருந்திருக்க முடியும். ருமேனியா 2004இல் நேட்டோவிலும் 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்த பிறகு, மால்டோவாவையும் ருமேனியாவையும் பிரிக்கும் புரூட் ஆறே அந்த இரண்டு அமைப்புகளின் எல்லையாகிவிட்டது.

பள்ளி ஆசிரியர், தேனி: டிரான்ஸ்னிஸ்திரியா என்பது தனி நாடா? ரஷ்யாவின் பகுதியா?

இரண்டும் இல்லை. நீஸ்டர் ஆற்றின் இடதுகரையில் நீண்டு கிடக்கும் ஒரு குறுகலான பகுதி அது. சட்டப்படி மால்டோவாவுக்குச் சொந்தம். ஆனால் தனி அரசு, தனி ரூபிள், தனிக் காவல் படை, அரிவாள் சுத்தியல் பொறித்த கொடி என்று எல்லாம் வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடு ஒன்றுகூட அதை ஏற்கவில்லை. ரஷ்யாவும் ஏற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1989இல் மால்டோவா தன் தாய்மொழியை (ருமேனிய மொழிதான் அது) ஆட்சிமொழியாக்கி, லத்தீன் எழுத்துக்குத் திரும்பியது. இடதுகரையின் ஆலை நகரங்களில் ரஷ்ய மொழியிலேயே வாழ்ந்தவர்கள், அடுத்து ருமேனியாவோடு இணைப்புதான் என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. இணைப்பு முழக்கம் அன்று தலைநகர் கிஷினாவின் தெருக்களில் உரக்கவே கேட்டது. 1990 செப்டம்பரில் இடதுகரை தன்னைப் பிரித்துக்கொண்டது. 1992இல் போர். பெந்தேர் நகரில் தெருச்சண்டை நடந்தது. அங்கே நிலைகொண்டிருந்த ரஷ்யாவின் 14ஆவது படை, ஜெனரல் லேபெத் தலைமையில் பிரிவினையாளர் பக்கம் நின்று போரை முடித்துவைத்தது. ஜூலை 21 அன்று மாஸ்கோவில் கையெழுத்தானது போர்நிறுத்தம். கையெழுத்திட்டவர்கள் மால்டோவாவின் ஸ்னேகுரும் ரஷ்யாவின் யெல்ட்சினும். உள்நாட்டுச் சண்டை என்று சொல்லப்பட்ட ஒன்றின் ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பாகக் கையெழுத்திட்டவர் ரஷ்ய அதிபர்.

1999இல் இஸ்தான்புல் மாநாட்டில், 2002 இறுதிக்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக ரஷ்யா வாக்களித்தது. இன்றும் அங்கே சுமார் 1,500 ரஷ்ய வீரர்கள் இருக்கிறார்கள். கொபாஸ்னா கிடங்கில் சோவியத் காலத்து வெடிபொருள்கள் ஏறத்தாழ 20,000 டன் கிடக்கின்றன.

அந்த மக்களை ‘ரஷ்யர்கள்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடாதீர்கள். மால்டோவர், ரஷ்யர், உக்ரைனியர் ஆகிய மூவரும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கிறார்கள். பலரிடம் இரண்டு மூன்று பாஸ்போர்ட்டுகள் உண்டு. 2006 வாக்கெடுப்பில் 97 சதவீதம் பேர் ரஷ்யாவோடு சேர ஆதரவளித்ததாக அறிவித்த அதே பகுதியின் ஏற்றுமதியில் பெரும்பங்கு இன்று ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தஞ்சாவூர்: நேட்டோ கிழக்கே நகர்ந்ததுதானே எல்லாவற்றுக்கும் காரணம்? இந்தியாவைப்போல் அணிசேராமல் இருந்தால் ரஷ்யா ஏன் தொடப்போகிறது?

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நான் மால்டோவாவைத்தான் எடுத்துக்காட்டுவேன். 1994இல் இயற்றப்பட்ட அதன் அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு, நாடு நிரந்தர நடுநிலை நாடு என்றும், தன் மண்ணில் அந்நியப் படைகளை அனுமதிக்காது என்றும் சொல்கிறது. நேட்டோவில் சேர அது விண்ணப்பித்ததே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடுநிலையில் நிற்கும் அந்த நாட்டில், அதன் ஒப்புதல் இல்லாமலே ரஷ்யப் படை நிற்கிறது. நடுநிலை என்பது ஒருவர் அறிவித்தால் மட்டும் போதாது, அண்டை வல்லரசும் மதிக்க வேண்டும். இமயமும் கடலும் பெரும் மக்கள்தொகையும் கொண்ட இந்தியாவுக்கு வாய்த்த வசதி கிஷினாவுக்கு வாய்க்கவில்லை.

மேற்கு நாடுகளின் மேல் எனக்கும் கோபம் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்காக. 2008 ஏப்ரலில் புகாரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் நேட்டோவில் உறுப்பினராகும் என்று அறிவித்தார்கள். எப்போது, எப்படி என்று எதுவும் சொல்லவில்லை. அதற்கான செயல்திட்டத்தையும் கொடுக்கவில்லை. ரஷ்யாவுக்குச் சினமூட்ட அந்த அறிவிப்பு போதுமானதாக இருந்தது, அந்த இரண்டு நாடுகளைக் காக்கப் போதுமானதாக இல்லை. நான்கே மாதத்தில் ஜார்ஜியாவில் போர். பாதுகாப்பைக் கொடுக்காமல் நம்பிக்கையை மட்டும் கொடுத்தது பெரும் பொறுப்பின்மை என்றே இன்றும் நினைக்கிறேன்.

மின்பொறியாளர், கோயம்புத்தூர்: ரஷ்யா எரிவாயுவை ஆயுதமாகப் பயன்படுத்துகிறது என்கிறார்கள். நடைமுறையில் அது எப்படி நடக்கிறது?

இந்தப் போட்டியின் உயிர்நாடியே இதுதான். எனவே விரிவாகச் சொல்கிறேன்.

ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் பல ஆண்டுகளாக டிரான்ஸ்னிஸ்திரியாவுக்கு எரிவாயு அனுப்பியது. அங்குள்ளவர்கள் செலுத்திய சொற்பக் கட்டணம் காஸ்ப்ரோமுக்குப் போகவில்லை, அந்தப் பகுதியின் தலைநகரான டிராஸ்போலில் உள்ள அரசின் செலவுக்குப் போனது. வராத பணம் மால்டோவாவின் எரிவாயு நிறுவனத்தின் பெயரில் கடனாக ஏறிக்கொண்டே வந்தது. அந்த நிறுவனத்தில் பாதிப் பங்கு காஸ்ப்ரோமுடையது! இலவசம்போல் கிடைத்த அந்த எரிவாயுவைக் கொண்டு, ரஷ்ய நிறுவனமொன்றுக்குச் சொந்தமான குச்சுர்கான் அனல்மின் நிலையம் மின்சாரம் தயாரித்தது. அதை வலதுகரை, அதாவது கிஷினாவ் அரசின் ஆளுகையில் உள்ள பகுதி, மலிவு விலைக்கு வாங்கியது. தன்னைப் பிளந்த பகுதியின் வரவுசெலவுக்குத் தன் மின்கட்டணத்தால் மால்டோவாவே படியளந்தது என்று பொருள். மின்கம்பிகளும் சோவியத் காலத்தில் அப்படித்தான் இழுக்கப்பட்டிருந்தன. ருமேனியாவிலிருந்து வரும் உயர் அழுத்தப் பாதையும் இடதுகரையைத் தொட்டுத்தான் தலைநகருக்கு வந்தது.

2022 மார்ச் 16 அன்று, போர் தொடங்கி மூன்று வாரம் ஆகும் முன்பே, உக்ரைன், மால்டோவா இரண்டின் மின்தொகுப்பும் ஐரோப்பிய மின்தொகுப்போடு இணைக்கப்பட்டது. உங்கள் துறையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ருமேனியாவின் யாஷ் நகரிலிருந்து கிஷினாவுக்கு எரிவாயுக் குழாயும் தயாராக இருந்தது.

சோதனை 2025 ஜனவரி 1 அன்று வந்தது. உக்ரைன் வழியாக ரஷ்ய எரிவாயு செல்லும் ஒப்பந்தம் முடிந்தது. துருக்கி, பால்கன் வழியாக அனுப்ப மாற்றுப் பாதை இருந்தும் காஸ்ப்ரோம் அனுப்பவில்லை. மால்டோவா 70.9 கோடி டாலர் பாக்கி வைத்திருக்கிறது என்பது அது சொன்ன காரணம். மால்டோவா ஏற்பாடு செய்த சர்வதேசத் தணிக்கையோ 86 லட்சம் டாலர் மட்டுமே என்றது. வலதுகரையில் மின்கட்டணம் கடுமையாக உயர்ந்தது, ஆனால் விளக்கு எரிந்தது. இடதுகரையில், ரஷ்யாவை நம்பியிருந்த அந்த மக்களின் வீடுகளில், நடுக்குளிர் காலத்தில் வெப்பமூட்டலும் வெந்நீரும் நின்றன. ஆலைகள் மூடின. நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. மக்கள் விறகடுப்புக்குத் திரும்பினார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2 கோடி யூரோ செலவில் அவசர எரிவாயு கொடுத்தது. அடுத்து நிபந்தனைகளோடு 6 கோடி யூரோ தர முன்வந்தபோது டிராஸ்போல் மறுத்துவிட்டு, ரஷ்யப் பணத்தில் ஹங்கேரிய நிறுவனம் வழியாக எரிவாயு வாங்கிக்கொண்டது. தன்னை நேசிக்கும் மக்களையே குளிரில் வாடவிட்டு எதிர்த்தரப்பை நெருக்கும் இந்த முறையை எந்த ராஜதந்திர நியாயம் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆய்வு மாணவர், சென்னை: ககவூசியர்கள் துருக்கிய மொழி பேசுகிறவர்கள். அவர்கள் ஏன் ரஷ்யாவை ஆதரிக்கிறார்கள்?

அவர்கள் துருக்கிய மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள். நாட்டின் தெற்கில் கொம்ராத் நகரை மையமாகக் கொண்டு 1994 முதல் தன்னாட்சி பெற்றிருக்கிறார்கள். பள்ளி, அலுவலகம், தொலைக்காட்சி எல்லாம் அவர்களுக்கு ரஷ்ய மொழியில்தான். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ருமேனிய ஆட்சி பற்றிய கசப்பு வீட்டுக்கு வீடு இன்றும் பேசப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் நோக்கத்தை அரசியலமைப்பில் எழுதலாமா என்று 2024 அக்டோபர் 20 அன்று கேட்டபோது, ககவூசியாவில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இதற்குக் கிஷினாவின் அலட்சியமும் காரணம். அந்த மக்களுக்கு ஆட்சிமொழியை நல்ல முறையில் கற்பிக்க எந்த அரசும் மனமுவந்து முயலவில்லை.

அதே பொருள் பற்றி வேறொரு வாசகர்: அந்த வாக்கெடுப்பில் பணம் விளையாடியது என்று படித்தேன்.

விளையாடியது. 2014இல் மூன்று வங்கிகளிலிருந்து நூறு கோடி டாலர் மாயமானது. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் எட்டில் ஒரு பங்கு அது. அந்த வழக்கில் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட இலான் ஷோர், பிறகு மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய வலைப்பின்னல் வழியாக ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து பணம் வந்ததாகக் காவல்துறை சொன்னது. ஐரோப்பிய ஆதரவு வென்றது 50.35 சதவீதத்தில், வித்தியாசம் சுமார் பத்தாயிரம் வாக்குகள். வெளிநாடுகளில் கூலிக்கு உழைக்கும் மால்டோவர்கள் அளித்த வாக்குகளே கரை சேர்த்தன.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்: ஐரோப்பாவும் பணம்தானே கொடுக்கிறது? அது மட்டும் புனிதமா?

புனிதம் என்று நான் சொல்லமாட்டேன். வாக்கெடுப்புக்குப் பத்து நாள் முன்பு ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் கிஷினாவுக்கு வந்து 180 கோடி யூரோ திட்டத்தை அறிவித்தது தற்செயல் அல்ல. ஆனால் அந்தப் பணம் நாடாளுமன்றம் அறிய, கணக்குக் காட்டும் நிபந்தனையோடு, சாலைக்கும் மின்பாதைக்கும் வருகிறது. ஒரு வாக்காளரின் கைப்பேசிக்கு ரகசியமாக வரும் பணத்தோடு அதைச் சமப்படுத்த மாட்டேன்.

உங்கள் ஐயத்தில் நியாயமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. 2025 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு ரஷ்ய ஆதரவுக் கட்சி போட்டியிடத் தடுக்கப்பட்டது. இத்தாலியில் பல பத்து வாக்குச்சாவடிகள் அமைத்த அரசு, ரஷ்யாவில் இரண்டு மட்டுமே அமைத்தது. பாதுகாப்புக் காரணம் சொன்னார்கள். இருந்தாலும் ஜனநாயகத்தைக் காப்பதாகச் சொல்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

தாயார் ஒருவர், ஈரோடு: என் மகன் கிஷினாவில் மருத்துவம் படிக்கிறான். பயப்பட வேண்டுமா?

அம்மா, கிஷினாவில் போர் நடக்கவில்லை, வகுப்புகள் நடக்கின்றன. 2022இல் உக்ரைனின் கருங்கடல் துறைமுக நகரான ஒடேசாவில் சிக்கிய நம் மாணவர்கள் பலர் மால்டோவா வழியாகத்தான் ருமேனியாவுக்குப் போய் விமானம் ஏறினார்கள்; வழி நெடுக உள்ளூர் மக்கள் உணவும் தங்க இடமும் கொடுத்தார்கள். உக்ரைன் எல்லையோர ஊர்களுக்கு மட்டும் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்; 2022 அக்டோபரில் வடக்கே நஸ்லாவ்சா கிராமத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஏவுகணையின் சிதறல் விழுந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க டிரான்ஸ்னிஸ்திரியாவுக்குப் போவதையும் தவிர்க்கட்டும். அங்கே ஏதாவது சிக்கல் என்றால் எந்தத் தூதரகமும் எளிதில் உதவ முடியாது. இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்திருக்கிறானா என்று இன்றே கேளுங்கள்.

வணிகர், சிங்கப்பூர்: ருமேனியாவோடு இணைந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. பெரும்பான்மை மால்டோவர்கள் அதை விரும்பவில்லை. ருமேனியப் பாஸ்போர்ட் வேறு, நாட்டையே கலைப்பது வேறு. சாண்டுவிடமே அந்தப் பாஸ்போர்ட் இருக்கிறது.

பத்திரிகை மாணவர், புதுச்சேரி: ஜார்ஜியா ஏன் எதிர்த் திசையில் போகிறது?

2008இல் ஐந்து நாள் போரில் தோற்று, தன்னிடமிருந்து பிரிந்த அப்காசியாவிலும் தெற்கு ஒசேஷியாவிலும் ரஷ்யப் படை நிலையாக அமர்ந்ததைப் பார்த்த நாடு அது. ‘மீண்டும் போர் வேண்டுமா’ என்று ஆளும் கட்சி கேட்கும்போது அந்த அச்சம் வாக்காகிறது. 2024 நவம்பர் 28 அன்று பிரதமர் கோபாகிட்ஸே, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 வரை எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தார். அன்றிரவே திபிலிசியில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எனவே ‘ஜார்ஜியா திரும்பிவிட்டது’ என்று எழுதாதீர்கள், தம்பி. திரும்பியது அரசு.

அரசுப் பணியாளர், வேலூர்: அடுத்து ரஷ்யா மால்டோவாவுக்குள் நுழையுமா?

இன்று நுழைய வழியில்லை. ரஷ்யாவுக்கும் மால்டோவாவுக்கும் பொது எல்லை கிடையாது. இடதுகரையில் இருக்கும் 1,500 பேரில் பலர் ரஷ்யப் பாஸ்போர்ட் பெற்ற உள்ளூர்க்காரர்கள். 2022க்குப் பின் உக்ரைன் எல்லை மூடியதால் அவர்களுக்குப் படை மாற்றும் இல்லை, கனரக ஆயுத வரத்தும் இல்லை. ஆனால் 2022 ஏப்ரலில் ரஷ்ய ஜெனரல் மின்னேகாயெவ், தெற்கு உக்ரைனைக் கைப்பற்றினால் டிரான்ஸ்னிஸ்திரியாவுக்கு வழி கிடைக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்த வழியில் இருப்பது ஒடேசா. உக்ரைன் போர்நிறுத்தப் பேச்சில் கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் பகுதி பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள்; கிஷினாவில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது ஒடேசா யார் கையில், கருங்கடல் கரை யார் கையில் என்பதைத்தான்.