பதினைந்தாவது லேப்பில் டயர் எங்கே போகிறது? ஸ்டாக் கார் சிமுலேஷன் கேள்வி பதில்

டயர் தேய்மானம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். நான் பெரும்பாலும் ஓட்டுவது ஐரேசிங் என்ற ஆன்லைன் கார் பந்தய சிமுலேஷனில், அதுவும் ஓவல் (நீள்வட்டத் தடம்) பந்தயங்கள்தான். வேறு கேம் ஓட்டுபவர்களுக்கு எண்கள் மாறும், ரப்பர் ஏன் தேய்கிறது என்பது மாறாது.

கேள்வி: முதல் ஐந்து லேப் நான்தான் முன்னால் இருக்கிறேன். பதினைந்தாவது லேப்பில் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போகிறார்கள். எல்லோருக்கும் ஒரே செட்டப்தான் (காற்றழுத்தம் போன்ற கார் அமைப்புகள்). நான் எங்கே தவறு செய்கிறேன்?

பாதிப் பேர் கேட்டிருப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். டயர் தேய்வதற்குக் காரணம் வேகத்தைவிட வழுக்கல்தான். வளைவில் எந்த டயரும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டேதான் பிடிக்கும், அது இயல்பு. ஆனால் ஒரு அளவுக்கு மேல் ஸ்டியரிங்கைத் திருப்பினால் பிடிப்பு கூடுவதில்லை, சூடு மட்டும் கூடுகிறது. புது டயரில் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் ரப்பர் அந்தத் தவறை மன்னித்துவிடும். வளைவுக்குள் கொஞ்சம் தாமதமாக ஆக்சிலரேட்டரை விடுகிறீர்கள், கார் உள்ளே வர மறுக்கிறது, நீங்கள் இன்னும் கொஞ்சம் திருப்புகிறீர்கள், எப்படியோ வந்துவிடுகிறது, லேப் நேரமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வலது முன் டயரைச் சாலையில் தேய்த்துக்கொண்டே போகிறீர்கள். பதினைந்தாவது லேப்பில் வருவது அதற்கான பில்.

இன்னொன்று. சூடும் தேய்மானமும் ஒன்றல்ல. மேற்பரப்பு சூடாகிப் பிடிப்பு குறைந்திருந்தால் இரண்டு லேப் நிதானமாக ஓட்டினால் ஓரளவு திரும்பி வரும். தேய்ந்த ரப்பர் திரும்பி வராது. சூடான டயர் இன்னும் எளிதாக வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடாகும். இந்தச் சுழலுக்குள் ஒருமுறை போய்விட்டால் வெளியே வருவது கஷ்டம். அதனால் சேமிப்பதென்றால் முதல் பத்து லேப்பிலேயே சேமிக்க வேண்டும். கடைசி பத்தில் சேமிக்க ஒன்றும் இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான்: ஆக்சிலரேட்டரை இப்போது விடும் இடத்துக்கு ஒரு கார் நீளம் முன்பே விடுங்கள், கார் மெதுவாக உள்ளே சாயட்டும், ஸ்டியரிங்கை ஒரே ஒருமுறை, ஒரே அளவில் திருப்புங்கள். நடு வளைவில் கை இன்னும் திருப்பத் துடித்தால் நீங்கள் வேகமாக உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: டைட், லூஸ் என்கிறார்களே, அதற்கும் டயருக்கும் என்ன தொடர்பு?

டைட் என்றால் முன்பக்கம் திரும்ப மறுத்துச் சுவரை நோக்கி நேராகப் போகப் பார்ப்பது, அப்போது அடிபடுவது வலது முன் டயர். லூஸ் என்றால் பின்பக்கம் வெளியே சறுக்கப் பார்ப்பது, அங்கே அடிபடுவது வலது பின் டயர். ஓவலில் இடப்பக்கமே திரும்புவதால் எடை முழுக்க வலப்பக்கம் சாய்கிறது, இடது டயர்களுக்கு அவ்வளவு வேலை இல்லை. உங்கள் கார் ஓட்டம் முழுவதும் எந்தப் பக்கமாக மாறுகிறது என்று கவனித்தாலே எந்த டயரை அதிகம் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் சரியாக இருந்த கார் இருபதாவது லேப்பில் லூஸ் ஆகிறதா? வளைவை விட்டு வெளியே வரும்போது ஸ்டியரிங் நேராவதற்குள் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துகிறீர்கள், பின் சக்கரங்கள் லேசாகச் சுழல்கின்றன. புது டயரில் அது காதுக்குக்கூடக் கேட்காது.

கேள்வி: ஐரேசிங்கில் ஓட்டும்போது திரையில் தேய்மானம் காட்டுவதில்லையே அண்ணா, எப்படித் தெரிந்துகொள்வது?

பயிற்சியில் 20, 25 லேப் விடாமல் ஓட்டிவிட்டு, பிட்டுக்கு (டயர் மாற்ற நிற்கும் இடம்) வந்து கேமில் கராஜ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு டயருக்கும் மூன்று இடத்தில், அதாவது உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று, சூடும் மீதமிருக்கும் ரப்பர் சதவீதமும் தனித்தனியாக இருக்கும். நான் முதலில் பார்ப்பது வலது முன் டயருக்கும் வலது பின் டயருக்கும் உள்ள இடைவெளி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் நல்ல ஓட்டம். ஒன்று மட்டும் பாதாளத்தில் இருந்தால் முந்தைய பதிலைப் படியுங்கள்.

பந்தயத்தின் நடுவில் கையும் காதும்தான். முன் டயர் வழுக்கத் தொடங்கும்போது ஸ்டியரிங்கில் கனம் குறையும், அந்த நொடியில் திருப்புவதை நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். டயர் உரசும் சத்தத்தை எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி ஒலி அமைப்பில் கூட்டி வையுங்கள். எனக்கு இது செட்டப் மாற்றங்களைவிட அதிகம் உதவியிருக்கிறது.

கேள்வி: எப்படிப் பயிற்சி செய்வது? தனியாக ஓட்டும்போது எப்போதும் சிறந்த லேப்பைத்தான் துரத்துகிறேன்.

அதை நிறுத்துங்கள். சிறந்த லேப் நேரம் தகுதிச் சுற்றுக்கு மட்டும். ஒரே தடத்தில் 30 லேப் இரண்டு முறை ஓட்டுங்கள். முதல்முறை உங்கள் வழக்கப்படி. இரண்டாம் முறை, முதல் பத்து லேப் வேண்டுமென்றே லேப்புக்கு 0.2 விநாடி மெதுவாக. இரண்டிலும் 30 லேப்பின் மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மெதுவாகத் தொடங்கிய ஓட்டம் மொத்தத்தில் வேகமாக முடிவதை உங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. எல்லாத் தடத்திலும் இப்படி நடக்காது. புதிதாகச் சாலை போட்ட, வழுவழுப்பான தடங்களில் வித்தியாசம் சின்னதுதான். சொரசொரப்பான பழைய தடங்களில் அது பெரிது.

கேள்வி: டார்லிங்டன் எனக்குப் புரியவே இல்லை. அங்கே மட்டும் டயர் உருகிவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்த தடம், அதனால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன். தென் கரோலினாவில் 1950இல் திறந்தது, 1.366 மைல். கட்டும்போது ஒரு பக்கம் மீன் குளம் இருந்தது, அதைத் தொடக் கூடாது என்று நிலத்தை விற்றவர் சொன்னதால் ஒரு முனை குறுகி, தடம் முட்டை வடிவத்தில் அமைந்துவிட்டது. இரண்டு முனைகளும் வெவ்வேறு என்பதால் ஒன்றுக்குச் சரியாக இருக்கும் கார் மற்றொன்றுக்குச் சரியாக இருக்காது, எங்கேயாவது ஒரு டயரை வருத்தித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் தார்ப்பரப்பு வேறு ரப்பரைத் தின்கிறது.

நான் பல லீக் பந்தயங்களை அங்கே முதல் பன்னிரண்டு லேப்பிலேயே தொலைத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் முன்னால் போகிறவரை விட்டுவிட மனசு வராததால்தான். அங்கே வேகமான வழி சுவரை ஒட்டியே போகிறது. ஆனால் டயர் தேய்ந்த பிறகும் புது டயரில் விட்ட அதே இடத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் சுவரை ஒட்டுவதற்குப் பதில் சுவரில் மோதுவீர்கள். ஒவ்வொரு ஐந்து லேப்புக்கும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக முன்பே வரும்படி நகர்த்திக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: ஹோம்ஸ்டெட் தடத்தில் எல்லோரும் சுவரை ஒட்டி மேலே ஓட்டுகிறார்கள். அது டயரைக் காப்பாற்றுமா?

ஆமாம், இரண்டு காரணம். ஹோம்ஸ்டெட்டின் பேங்கிங் (வளைவில் தடத்தின் சாய்வு) 18 டிகிரியில் தொடங்கி மேலே 20 வரை கூடுகிறது, மேலே போகப் போக தடமே காரைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்புறம், மேலே வட்டம் பெரிது, எனவே ஸ்டியரிங் குறைவாகத் திருப்பினால் போதும். தூரம் கூடினாலும் வேகம் குறையாமல் போகலாம். ஆனால் ஒரு அங்குலம் தவறினால் வலப்பக்கம் சுவரில் உரசும், அதனால் பயிற்சி இல்லாமல் பந்தயத்தில் முயல வேண்டாம். நடுவழியில் ஓட்டிப் பழகிவிட்டு லேப்புக்கு லேப் மேலே ஏறுங்கள்.

கேள்வி: செட்டப் மாற்ற அனுமதி உள்ள பந்தயத்தில் முதலில் எதைத் தொட வேண்டும்?

காற்றழுத்தம். 25 லேப் ஓட்டியபின் டயரின் நடுப்பகுதி இரண்டு ஓரங்களின் சராசரியைவிட அதிகச் சூடாக இருந்தால் காற்று அதிகம், ஓரங்கள் அதிகச் சூடாக இருந்தால் காற்று குறைவு. ஓட ஓட சூட்டில் அழுத்தம் ஏறும் என்பதை மறக்காதீர்கள், இரண்டு லேப் ஓட்டிப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். அடுத்து கேம்பர், அதாவது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம் (மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்): வலது முன் டயரின் உள் ஓரம் மட்டும் படுவேகமாகத் தேய்ந்தால் நெகட்டிவ் கேம்பர் அதிகம். அதற்கு அடுத்துதான் கிராஸ் வெயிட், அதாவது வலது முன், இடது பின் டயர்கள் சேர்ந்து தாங்கும் எடையின் பங்கு. அதைக் கூட்டினால் கார் டைட் பக்கம் போகும், வலது பின் டயருக்கு ஓய்வு கிடைக்கும், முன் டயருக்கு வேலை கூடும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

செட்டப் பூட்டிய பந்தயமாக இருந்தாலும் பல கார்களில் பிரேக் பயாஸை (பிரேக் விசை முன்னுக்கும் பின்னுக்கும் பிரியும் விகிதம்) ஓட்டும்போதே மாற்றலாம். முன் டயர் ஓய்ந்துவிட்டால் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், கொஞ்சம் மட்டும்.

கேள்வி: முன்னால் போகும் காரை ஒட்டிப் பத்து லேப் போனால் என் கார் திரும்புவதே இல்லை. தாண்டவும் முடியவில்லை.

அவர் கிழித்துப் போட்ட கலங்கிய காற்றில் போகிறீர்கள். உங்கள் முன்பக்கத்தைக் கீழே அழுத்த வேண்டிய காற்று வருவதில்லை, முன் டயர் வழுக்குகிறது, சூடாகிறது. வளைவில் அரை கார் அகலமாவது மேலேயோ கீழேயோ தள்ளி உங்கள் மூக்குக்குக் காற்றுக் கொடுங்கள். முடியவில்லையென்றால் அரை விநாடி பின்வாங்கி இரண்டு மூன்று லேப் ஆறவிட்டு மறுபடி வாருங்கள். ஒட்டிக்கொண்டே போவதால் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை, உங்கள் டயர்தான் போகிறது.

கேள்வி: பச்சைக் கொடியிலேயே (பந்தயம் முழு வேகத்தில் ஓடும்போதே) பிட் போக வேண்டியிருந்தால் மற்றவர்களுக்கு முன்பே போவது எப்போதும் லாபமா?

எப்போதும் இல்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். டயர் ஒவ்வொரு லேப்புக்கும் 0.08 விநாடி இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 லேப் ஆன டயர் புது டயரைவிட 2 விநாடி மெதுவு. நீங்கள் எதிராளியைவிட 3 லேப் முன்பே மாற்றினால் அந்த 3 லேப்பில் சுமார் 6 விநாடி சம்பாதிக்கிறீர்கள். ஆனால் அவர் மாற்றிய பிறகு அவர் டயர் உங்களுடையதைவிட 3 லேப் புதிது, லேப்புக்கு 0.24 விநாடி வேகம். மீதி 25 லேப் இருந்தால் அந்த 6 விநாடியையும் அவர் திரும்ப எடுத்துவிடுவார்.

அதாவது மீதமுள்ள லேப், ஏற்கெனவே ஓட்டிய லேப்பைவிடக் குறைவாக இருந்தால் உடனே போங்கள். அதிகமாக இருந்தால் பொறுங்கள். சமமாக இருந்தால் நான் முன்பே போவேன், ஏனென்றால் அவர் வேகமாக வந்தாலும் என் கலங்கிய காற்றில்தான் என்னைத் தாண்ட வேண்டும். ஆபத்து ஒன்று உண்டு: நீங்கள் போய் வந்த உடனே மஞ்சள் கொடி (எல்லோரும் மெதுவாக வரிசையில் போக வேண்டிய எச்சரிக்கை) விழுந்தால் ஒரு லேப் பின்தங்கி மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: மஞ்சள் கொடியில் வலது இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா?

பத்துப் பன்னிரண்டு லேப்தான் மீதி, தாண்டுவது கடினமான தடம் என்றால் மாற்றலாம். அதற்கு மேல் என்றால் நான்கும்.

கேள்வி: டேடோனா, டலடேகா போன்ற பெரிய தடங்களில் இதெல்லாம் தேவையா?

பெரிதாக இல்லை. அங்கே 31, 33 டிகிரி பேங்கிங், கூட்டமாக ஓட்டம், எரிபொருளும் இடமும்தான் முக்கியம்.

கேள்வி: நிஜ நாஸ்கார் (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம்) ஓட்டுநர்களும் இப்படி வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறார்களா, அல்லது இது கேம்களில் மட்டுமா?

2024 மார்ச் பிரிஸ்டல் பந்தயத்தைத் தேடிப் பாருங்கள். 0.533 மைல் கான்கிரீட் தடம், 500 லேப். அன்று டயர்கள் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தன, 50 லேப்பை ஒட்டியே தாங்கின. முன்னால் இருந்தவர்கள் வெளிப்படையாகவே வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள், முன்னிலை 54 முறை கைமாறியது, கடைசியில் டென்னி ஹாம்லின் வென்றார். எதிர்முனையில் 2008 இண்டியனாபோலிஸ்: டயர் பத்துப் பன்னிரண்டு லேப்கூடத் தாங்காததால் அடிக்கடி மஞ்சள் கொடி காட்டி டயர் மாற்ற வைத்தார்கள், ஜிம்மி ஜான்சன் வென்றார். அங்கே சேமிக்க யாருக்கும் வாய்ப்பே இல்லை. பிரிஸ்டலில் இருந்தது, அதனால்தான் அந்தப் பந்தயத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கேள்வி: என்னிடம் வீல் இல்லை, கேம்பேட்தான். டயரைச் சேமிக்க முடியுமா?

முடியும். இடது குச்சியை முழுதாகத் தள்ளும் பழக்கம்தான் எதிரி, ஏனென்றால் அது ஸ்டியரிங்கை அளவுக்கு மேல் திருப்புவதற்குச் சமம். கண்ட்ரோலர் அமைப்பில் நடுப்பகுதி மென்மையாக இருக்கும்படி மாற்றிவிட்டு, குச்சியைப் பாதிக்கு மேல் தள்ளாமல் ஒரு 20 லேப் ஓட்டுங்கள். வளைவுக்குள் வர முடியவில்லையென்றால் இன்னும் தள்ளாதீர்கள், ஆக்சிலரேட்டரை முன்பே விடுங்கள். ஓட்டிவிட்டு வலது முன் டயர் சதவீதத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.