விளம்பரம் வாங்காத திருச்சபை வானொலி எப்படி நடக்கிறது, அதற்குச் சுதந்திரம் உண்டா?

இந்தக் கேள்விக்கு, சிற்றலையில் (ஷார்ட்வேவ்) நான் நெடுங்காலம் கேட்டுவந்த, பிலிப்பைன்ஸிலிருந்து இயங்கும் கத்தோலிக்க வானொலியான ரேடியோ வெரித்தாஸ் ஆசியாவை வைத்தே பதில் சொல்கிறேன்.

தென்கிழக்கு ஆசிய ஆயர்கள் 1958-இல் மணிலாவில் கூடி எடுத்த முடிவின் பயனாக, 1969-இல் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. கட்டுமானச் செலவில் பெரும்பங்கை மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த உதவியே ஏற்றது. விளம்பரம் இல்லையென்றால் செலவும் இல்லை என்று பொருளல்ல. பிலிப்பைன்ஸின் சம்பாலஸ் மாகாணத்தில் உள்ள பலாவிக்கில் அமைந்த 250 கிலோவாட் ஒலிபரப்பிகளை நாள்தோறும் இயக்க மின்சாரத்துக்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் செலவைக் கடைசிவரை நன்கொடைகளே பெரிதும் தாங்கின. என் கருத்தில் இத்தகைய நிலையங்களின் பலமும் பலவீனமும் இதுதான்: எந்த வணிகருக்கும் அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் கொடுப்பவர் கை சுருங்கினால் நிலையமும் சுருங்கும்.

சுதந்திரம் பற்றிய கேள்விக்கு 1980-களின் பிலிப்பைன்ஸைப் பார்க்க வேண்டும். அதிபர் மார்கோஸ் ஆட்சியில் 1983-இல் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்டபோது, மற்ற ஊடகங்கள் பெரும்பாலும் அடக்கி வாசிக்க, ரேடியோ வெரித்தாஸின் உள்நாட்டு ஒலிபரப்பு (பிலிப்பைன்ஸ் மக்களுக்கானது) அவருடைய இறுதி ஊர்வலத்தை மக்களுக்குக் கொண்டுசென்றது. 1986 பிப்ரவரி 22 இரவு, மார்கோஸுக்கு எதிராகத் திரும்பிய படையினரைக் காக்க மக்கள் எட்சா நெடுஞ்சாலைக்கு வரவேண்டும் என்று கர்தினால் ஜெய்மே சின் அழைத்ததும் அதே அலைவரிசையில்தான். மறுநாள் மலோலோஸில் இருந்த அதன் ஒலிபரப்பியை ஆயுதம் தாங்கியவர்கள் சிதைத்தார்கள். அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்துக்குச் சென்று பேச்சைத் தொடர்ந்தார். அரசின் தயவில் விளம்பரம் பெற்றுவந்த ஒரு நிலையம் இந்த அளவுக்குத் துணிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த ஆண்டே ரேடியோ வெரித்தாஸுக்கு, ஆசிய அளவில் வழங்கப்படும் மக்சேசே விருதும் கிடைத்தது. ஆனால் இதே உள்நாட்டு நிலையம் 1991-இல் விளம்பரம் வாங்கும் வணிக நிலையமாகிவிட்டது. ஆசிய மொழிகளுக்கான பிரிவு மட்டும் பழைய வழியிலேயே சென்றது.

அந்த ஆசியப் பிரிவில் பர்மியம், கரேன், வியட்நாமியம், சிங்களம் ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. நான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் தமிழ்க் குரல் அலைபோல் ஏறி இறங்கும். மழைக்காலத்தில் இரைச்சலே மிகும். 1990-களில் அருட்தந்தை ஜெகத் கஸ்பர் தமிழ்ப்பணியை நடத்தியபோது, போர்ச்சூழலில் வாழ்ந்த ஈழத் தமிழர் பலரும் நேயர்களாக இருந்தனர். நேயர் மன்றத்தினர் ஒலித்தரத்தை 45444 போன்ற ஐந்து எண்களில் குறித்து அனுப்புவார்கள்: சமிக்ஞையின் வலிமை, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். அறிக்கை சரியாக இருந்தால் உறுதிசெய்யும் வண்ண அட்டை தபாலில் வரும். (நிகழ்ச்சியைக் கேளாமல் அட்டைக்காகவே எழுதியவர்களும் உண்டு.)

2018 ஜூன் இறுதியில் சிற்றலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டு, பணி முழுவதும் இணையத்துக்கு மாறியது. செலவு நோக்கில் அதைக் குறைசொல்ல முடியாது. ஆயினும் கேட்பது யாரென்று எவருக்கும் தெரியாதபடி கேட்க உதவிய சிற்றலையின் வசதி இணையத்தில் இல்லை. கட்டுப்பாடு மிகுந்த நாடுகளில் வாழும் நேயர்களுக்கு அது பெரிய இழப்பு.